சும்மா கிடக்கும் ஒயர்

டாஷ்போர்டில் இருக்கும் ஸ்விட்சை அழுத்தினால் நான்கு கதவுகளிலிருந்தும் ஒன்றாக 'டக்' என்று சத்தம் வரவேண்டும். அன்று மூன்றுதான் வந்தது. பழகிய காதுக்கு ஒரு சத்தம் குறைந்தால் உடனே தெரிந்துவிடுகிறது. டிரைவர் பக்கத்துக் கதவின் பூட்டுக் குமிழ் மட்டும் அசையாமல் நின்றது.

கார் 1998-ஆம் ஆண்டுத் தயாரிப்பு. கால் நூற்றாண்டாகத் தூத்துக்குடியின் உப்புக்காற்றில் நிற்கிறது. சென்ட்ரல் லாக் கெட்டுப்போனால் பலர் சாவி போட்டுப் பூட்டப் பழகிக்கொள்கிறார்கள். சிலர் மொத்தத்தையும் பிடுங்கிவிட்டுப் புது செட் மாட்டிவிடுகிறார்கள். எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. மூன்று கதவுக்குப் போகிற மின்சாரம் நான்காவது கதவுக்குப் போகும் வழியில் எங்கே நின்றுபோகிறது என்று தெரிந்தாக வேண்டும் போலிருந்தது.

டோர் பேடைக் கழற்றினேன். அதற்குப் பின்னால் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை விலக்கிக் கையை உள்ளே விட்டால் லாக் மோட்டார் தட்டுப்பட்டது. அதற்கு இரண்டே ஒயர், ஒரு சின்ன கப்ளர். கப்ளரைப் பிரித்து அதன் இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டரின் கம்பிகளை வைத்துக்கொண்டு, வீட்டில் ஒருவரை ஸ்விட்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். மீட்டர் 12.4 வோல்ட் காட்டியது. விட்டதும் சுழி. மறுபக்கம் அழுத்தச் சொன்னேன். மைனஸ் 12.4. பாடப்புத்தகத்தில் இருக்கிறபடியே எல்லாம் இருந்தது. மின்சாரம் வாசல் வரை வந்து நிற்கிறது, மோட்டார்தான் எழுந்திருக்கவில்லை என்று முடிவு செய்து புது மோட்டார் வாங்கி வந்து மாட்டினேன். அதுவும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் ஆட்டோ எலக்ட்ரீசியன் அண்ணாச்சியிடம் போனேன். நாற்பது ஆண்டுகளாக லாரியும் காருமாகப் பார்த்த கை. நான் மீட்டர் கதையைச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மீட்டர ஓரமா வைங்க தம்பி. சும்மா கெடக்கப்ப எல்லா ஒயரும் நல்ல ஒயருதான். அதுக்கு வேல குடுத்துப் பாத்தீயளா?"

சட்டைப் பையிலிருந்து ஒரு பல்பை எடுத்தார். இண்டிகேட்டரில் போடுகிற 12 வோல்ட், 21 வாட் பல்பு. அதன் அடியில் இரண்டு துண்டு ஒயரைப் பற்றவைத்திருந்தார். கண்ணாடி பல ஆண்டு விரல் பட்டு மங்கியிருந்தது. நான் மீட்டர் வைத்த அதே கப்ளரில், அதே இரண்டு முனைகளில் அந்த ஒயர்களைச் செருகி, ஸ்விட்சை அழுத்தச் சொன்னார். பல்பு எரியவில்லை. மறுபக்கம் அழுத்தினேன். எரியவில்லை. பல்பை எடுத்துவிட்டு மீட்டரை வைத்தேன். 12.4.

ஒரே இடத்தில் கேட்ட ஒரே கேள்விக்கு இரண்டு பதில். இரண்டுமே உண்மை என்பதுதான் இதிலுள்ள அதிசயம். பழைய காரின் மின்கோளாறுகளில் பெரும்பகுதி இந்த இரண்டு பதில்களுக்கு நடுவில்தான் ஒளிந்திருக்கிறது.

வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அங்கிருந்து இறங்கும் குழாயின் உட்புறம் துருவும் உப்பும் படிந்து ஊசித்துளை அளவுக்கு அடைத்துப்போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே குழாய் வாயைக் கட்டைவிரலால் இறுக அடைத்துக்கொண்டால் விரலில் முழு அழுத்தமும் தெரியும். ஊசித்துளை வழியாகவும் அழுத்தம் வந்து சேர்ந்துவிடும். தண்ணீர் நகராதபோது அடைப்புக்கு வேலையே இல்லை. விரலை எடுத்தால் சொட்டுச் சொட்டாகத்தான் விழும். மல்டிமீட்டர் அந்தக் கட்டைவிரல் மாதிரி. தான் அளக்கிற சுற்றைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பதற்காகவே அதைப் பத்து மெகாஓம், அதாவது ஒரு கோடி ஓம் தடை உள்ளதாகச் செய்கிறார்கள். அதன் வழியாகப் போகும் மின்னோட்டம் ஒரு ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். வழியில் எங்கோ ஓர் இணைப்பு கெட்டு 50 ஓம் தடை உண்டாகியிருக்கிறது என்று கொள்வோம். மீட்டரின் ஒரு கோடி ஓமுக்கு முன்னால் 50 ஓம் தூசி. அது தின்னும் வோல்ட் 0.00006. மீட்டர் 12.4 என்றுதான் காட்டும். அந்த 50 ஓம் 5,000 ஓமாக வளர்ந்திருந்தாலும் 12.39-க்குக் கீழே இறங்காது. இப்போது மீட்டரை எடுத்துவிட்டு மோட்டாரை மாட்டுவோம். லாக் மோட்டாரின் சுருள் தடை சில ஓம்கள்தான். 3 ஓம் என்று வைத்தால், நல்ல ஒயரில் அது கிளம்பும்போது நான்கு ஆம்பியர் இழுக்கவேண்டும். வழியில் 50 ஓம் உட்கார்ந்திருந்தால் மொத்தம் 53 ஓம், கால் ஆம்பியர்கூட ஓடாது. 12.4 வோல்ட்டில் 11.7-ஐக் கெட்ட இணைப்பே வைத்துக்கொண்டு மோட்டாருக்கு 0.7 வோல்ட்டைத் தரும். பல்பின் கதை இதைவிட மோசம். ஒளிரும்போது அதன் இழைக்கு ஏழு ஓம் அளவு தடை இருக்கும். குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குதான். அந்தச் சிறு தடைக்குக் கிடைக்கும் வோல்ட்டைக் கொண்டு இழையைச் செந்நிறமாகக்கூடச் சூடாக்க முடியாது.

மோட்டாரைக் கழற்றிவிட்டு அளந்ததுதான் என் தவறு. மோட்டார் மாட்டியிருக்கும்போதே கப்ளரின் பின்பக்கமாக மீட்டர் கம்பியை நுழைத்து அளந்திருந்தால், அந்த 0.7 வோல்ட் அப்போதே கண்ணில் பட்டிருக்கும். ஒரு மோட்டாரின் விலை மிச்சமாகியிருக்கும்.

இந்தக் கணக்குக்கெல்லாம் அடிப்படையான விதியை ஜெர்மனியின் கேயார்க் ஓம் 1827-இல் புத்தகமாக வெளியிட்டார். அவருடைய சோதனைக் கதையில் அண்ணாச்சிக்குப் பிடிக்கக்கூடிய ஒரு விஷயம் இருக்கிறது. முதலில் வோல்ட்டா அடுக்கு எனப்படும் அந்தக் கால பாட்டரியை வைத்து அளந்தபோது, சுமை கொடுக்கக் கொடுக்க அந்த பாட்டரியே தளர்ந்து அளவுகளைக் குழப்பியது. பிறகுதான் செம்பும் பிஸ்மத்தும் சேர்ந்த வெப்ப இணையை எடுத்துக்கொண்டார். ஒரு சந்திப்பைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தால் சிறியதானாலும் அசையாத ஒரு மின்னழுத்தம் கிடைத்தது. நிலையான மூலம், மாறுகிற சுமை என்று பிரித்த பிறகு விதி தானாகத் தெரிந்தது. சொந்த நாட்டில் அவர் நூலுக்கு முதலில் பெரிய வரவேற்பில்லை. 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் கொடுத்தது.

சரி, அந்த 50 ஓம் எங்கே இருக்கிறது?

அண்ணாச்சி ஸ்குரூ டிரைவரைத் தொடவே இல்லை. முதலில் கேள்விகள்தான் கேட்டார். பூட்டுவது, திறப்பது இரண்டுமே போச்சா? ஒரு கதவா, எல்லாக் கதவுமா? ஸ்விட்சை அழுத்தும்போது டாஷ்போர்டுக்கு அடியில் 'டிக்' என்று கேட்கிறதா? இந்த மூன்று கேள்வியில் பாதி வேலை முடிந்துவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

லாக் மோட்டார் ஓர் எளிய பொருள். பொம்மைக் காரில் இருப்பது போன்ற நிலைக்காந்த டி.சி. மோட்டார், சில பிளாஸ்டிக் பல்சக்கரங்கள், பூட்டோடு கோத்த ஒரு கம்பி. மோட்டார் பல சுற்றுச் சுற்றினால் கம்பி இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு நகரும். அதற்கு நிரந்தரமான பிளஸ், மைனஸ் கிடையாது. ஒரு ஒயரில் பிளஸ் கொடுத்து மற்றதை எர்த்தோடு சேர்த்தால் பூட்டும். மாற்றிக் கொடுத்தால் திறக்கும். போகிற பாதையும் வருகிற பாதையும் ஒவ்வொரு முறையும் இடம் மாறுகின்றன. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பல புதிர்கள் தாமாக அவிழும்.

எல்லாக் கதவும் இரண்டு திசையிலும் போயிருந்தால் நான்குக்கும் பொதுவானதைப் பார்க்கவேண்டும்: ஃப்யூஸ், வரும் மின்சாரம், பொது எர்த். ஒரு கதவு மட்டும் இரண்டு திசையிலும் போயிருந்தால் கோளாறு அந்தக் கதவின் கிளையில். ஒரு கதவு மட்டும், அதுவும் ஒரு திசையில் மட்டும் மறுத்தால்? பூட்டவும் திறக்கவும் அதே இரண்டு ஒயர்தான், அதே சுருள்தான். ஒரு திசையில் உதைக்கிற மோட்டாருக்கு ஒயர் அறுந்திருக்க வழியில்லை. அப்போது மீட்டரை மூடிவிட்டுப் பூட்டைப் பார்க்கவேண்டும். கெட்டித்துப்போன கிரீஸ், வளைந்த கம்பி, இறுகிய கொக்கி. கம்பியைப் பூட்டிலிருந்து கழற்றிவிட்டு மோட்டாரை இயக்கிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒயரில் அரைகுறைத் தடை இருந்து மோட்டார் பலமிழந்து நிற்கும்போதும் இறுக்கமான திசையில் மட்டும் தோற்பது உண்டு, அதையும் மறக்கக்கூடாது.

மிச்சமிருப்பது எல்லாக் கதவும் ஒரு திசையில் மட்டும் போவது. என்னைப் பல நாள் யோசிக்கவைத்தது இந்த வகைதான்.

டாஷ்போர்டுக்கு அடியில் 'டிக்' சொல்வது ரிலே. தீப்பெட்டியில் பாதி இருக்கும் ஒரு கறுப்புக் கட்டை, அடியில் ஐந்து கால்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண்: 30, 85, 86, 87, 87அ. ஜெர்மானியத் தர நிர்ணயமான டின் 72552 வகுத்த எண்கள் இவை. இன்று உலகம் முழுக்க ஒயரிங் செய்கிறவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். 85-க்கும் 86-க்கும் நடுவே காந்தச் சுருள். 30 என்ற கால் ஓய்வில் 87அ-வைத் தொட்டுக்கொண்டிருக்கும். சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் அதை விட்டுவிட்டு 87-க்குத் தாவும். அந்தத் தாவலின் சத்தம்தான் 'டிக்'.

என் காரில் இப்படி இரண்டு ரிலேக்கள், பூட்டுவதற்கு ஒன்று, திறப்பதற்கு ஒன்று. இரண்டின் 87-க்கும் பாட்டரி பிளஸ். இரண்டின் 87அ-வும் எர்த்தில். ஒரு ரிலேயின் 30-லிருந்து மோட்டாரின் ஒரு ஒயர், மற்ற ரிலேயின் 30-லிருந்து இன்னொரு ஒயர். யாரும் ஸ்விட்சைத் தொடாதபோது மோட்டாரின் இரண்டு முனையும் எர்த்தில் படுத்திருக்கும். பூட்டு ஸ்விட்சை அழுத்தியதும் பூட்டு ரிலே எழுந்து தன் பக்கத்துக்கு பிளஸ் கொடுக்கிறது. மின்சாரம் மோட்டாருக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வருகிறது. வந்து எங்கே போகிறது? திறப்பு ரிலேக்குத்தான். அங்கே தூங்கிக்கொண்டிருக்கும் 30, 87அ தொடுப்பின் வழியாக எர்த்துக்குப் போகிறது.

அதாவது பூட்டும் ஒவ்வொரு முறையும் மின்சாரத்துக்கு வழிவிடுவது திறப்பு ரிலேயின் ஓய்வுத் தொடுப்பு. அந்தத் தொடுப்பு பொறி பட்டுக் கருகியிருந்தால் கார் திறக்கும், ஆனால் பூட்டாது. பூட்டு ரிலேயைப் புதிதாக மாற்றினாலும் பூட்டாது. குற்றவாளி வேலை செய்கிற ரிலே அல்ல, பக்கத்தில் சும்மா இருக்கிற ரிலே. இதை முதன்முதலில் தாளில் வரைந்து பார்த்தபோது, இவ்வளவு சின்னப் பெட்டிக்குள் இவ்வளவு அழகான ஏற்பாடா என்று வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு ரிலேயும் ஒரே வகையாக இருந்தால் இடம் மாற்றிச் செருகிப் பார்த்தாலே போதும். கோளாறும் இடம் மாறினால் ரிலேதான்.

'டிக்' கேட்பதற்கும் கேட்காததற்கும் பொருள் வேறு. கேட்டால் ஸ்விட்ச், சுருள் வரைக்கும் சரி. நோய் அதற்கு அப்பால். கேட்காவிட்டால் மோட்டார் பக்கமே போகவேண்டாம். என் காரில் நன்றாகவே கேட்டது. மூன்று கதவும் இரண்டு திசையிலும் துள்ளின. எனவே ஃப்யூஸ், ஸ்விட்ச், இரண்டு ரிலே, பொது எர்த் எல்லாம் நிரபராதிகள். டோர் பேடைத் தொடாமலே கோளாறு டிரைவர் கதவுக் கிளையின் இரண்டு ஒயர்களுக்குள் வந்து நின்றுவிட்டது.

அந்த இரண்டில் எது? அண்ணாச்சி பல்பின் ஒரு ஒயரைக் காரின் உடம்பில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில் வைத்தார். மறு ஒயரைக் கப்ளரின் பச்சை ஒயர் முனையில் வைத்துப் பூட்டுப் பக்கம் அழுத்தச் சொன்னார். பல்பு பளிச்சென்று எரிந்தது. நீல ஒயர் முனைக்கு மாற்றித் திறப்புப் பக்கம் அழுத்தினேன். இருட்டு. பூட்டும்போது நீலம் திரும்பும் வழி, திறக்கும்போது அதுவே போகும் வழி. அதனால்தான் ஒரே ஒயரின் நோய் இரண்டு திசையையும் முடக்கியது.

பிறகு டாஷ்போர்டின் பக்கவாட்டில், கதவுக் கீலுக்குச் சற்று முன்னால் ஒயர் கட்டு வெளியே தெரியும் இடத்தில் அதே நீல ஒயரைத் தொட்டார். பல்பு எரிந்தது. கீலுக்கு இந்தப் பக்கம் வெளிச்சம், அந்தப் பக்கம் இருட்டு. நடுவில் இருப்பது ஒரு ஜாண் நீள ரப்பர் குழல்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தப் பல்பு வித்தை பழைய கார்களின் மோட்டார், விளக்கு, ரிலே ஒயர்களுக்குத்தான். ஏர்பேக் உள்ள கார்களில் மஞ்சள் உறை போட்டு வரும் ஒயர்களிலும், கம்ப்யூட்டருக்குப் போகிற மெல்லிய சிக்னல் ஒயர்களிலும் இதை வைக்கவே கூடாது. பல்பு இழுக்கிற இரண்டு ஆம்பியர் அங்கே பெரிய சேதம் செய்யும்.

கதவைத் தாங்குவது கீல். கதவுக்குள் போகும் மின்சாரமும் அந்தக் கீலின் பக்கத்திலேயே மடிந்து நிமிர்ந்துதான் போயாக வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து முறை கதவைத் திறந்தால் பதினைந்து ஆண்டில் 54,750 முறை. ஒவ்வொரு முறையும் அந்த ஒயர் ஒருதரம் வளைந்து ஒருதரம் நிமிர்கிறது. டிரைவர் கதவைப்போல வேறு எந்தக் கதவும் திறக்கப்படுவதில்லை. அதனால் முதலில் சாவது பெரும்பாலும் இந்தக் கதவின் ஒயர்தான்.

ஒயரை ஒரே தடிக் கம்பியாகச் செய்யாமல் மெல்லிய இழைகளைத் திரித்துச் செய்வது இதற்காகத்தான். ஒரு கம்பியை வளைக்கும்போது வெளிப்புறம் இழுபடுகிறது, உட்புறம் நசுங்குகிறது. எவ்வளவு இழுபடும் என்பது கம்பியின் விட்டத்தை வளைவின் ஆரத்தைப்போல் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். 20 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைத்தால், 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒற்றைக் கம்பியின் மேற்பரப்பு 2.5 விழுக்காடு நீள்கிறது. 0.2 மில்லிமீட்டர் இழை 0.5 விழுக்காடுதான் நீள்கிறது. ஐந்தில் ஒன்று. ஆயுளோ ஐந்து மடங்கல்ல, அதைவிடப் பல மடங்கு கூடுகிறது.

கூடுமே தவிர, முடிவில்லாமல் போகாது. உடைக்கும் அளவுக்கு வலு இல்லாத சுமையும் திரும்பத் திரும்ப வந்தால் உலோகத்தை உடைத்துவிடும் என்பதை உலகம் இரயில் அச்சுகளிலிருந்து கற்றது. 1842 மே 8-ஆம் தேதி, வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் இன்ஜின் அச்சு உடைந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அண்டார்க்டிகா வரை கப்பலில் போய்த் திரும்பிய டூமோன் துர்வில் அந்த ரயிலில்தான் குடும்பத்தோடு இறந்தார். பிறகு பிரஷ்ய ரயில்வேயின் அவுகுஸ்ட் வோலர் ஆண்டுக்கணக்கில் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றி உடைத்துப் பார்த்து, எத்தனை சுமைக்கு எத்தனை சுற்று என்று கணக்கெடுத்தார். இரும்புக்கு ஒரு சலுகை உண்டு: சுமை ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் எத்தனை முறை வந்தாலும் அது தாங்கும். செம்புக்கு அப்படித் தெளிவான எல்லை எதுவும் இல்லை. சுமை குறையக் குறைய நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

இழைகள் உள்ளே உடைந்தாலும் வெளியே தெரியாது. மேலே போர்த்திய பிளாஸ்டிக் உறை செம்பைவிட நன்றாக வளையக்கூடியது. அது முழுசாகவே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க அண்ணாச்சி ரப்பர் குழலைப் பின்னால் தள்ளிவிட்டு ஒயர்களை ஒவ்வொன்றாக இரண்டு விரல்களால் பிடித்து மெல்ல இழுத்தார். உள்ளே செம்பு இருக்கிற ஒயர் விறைப்பாக நிற்கும். செம்பு அறுந்த ஒயர் ரப்பர் பேண்டுபோல நீளும். நீல ஒயர் நீண்டது.

சில மாதங்களுக்கு முன்பே அறிகுறி தெரிந்திருக்கிறது. கதவைப் பாதி திறந்து வைத்தால் அந்தப் பூட்டு வேலை செய்யும், மூடினால் செய்யாது. ஸ்விட்சில் தூசி என்று நினைத்து விட்டுவிட்டேன். உடைந்த முனைகள் ஒரு கோணத்தில் தொட்டும் இன்னொரு கோணத்தில் விலகியும் இருந்திருக்கின்றன. 'அப்பப்ப வருது, அப்பப்ப போகுது' என்று சொல்லப்படும் கோளாறுகளில் கதவு ஒயரை அசைத்துக்கொண்டே பல்பைப் பார்ப்பதைவிட நல்ல சோதனை கிடையாது. ஒரு விதிவிலக்கு உண்டு. பல லாக் மோட்டார்களுக்குள் சூடானால் தடை எகிறும் ஒரு சின்னப் பாதுகாப்பு வில்லை இருக்கும். ஸ்விட்சைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் மோட்டார் செத்ததுபோல நின்று, சில நிமிடம் கழித்து எழுந்திருந்தால் அது ஒயர் அல்ல, அந்த வில்லை.

நீல ஒயரில் ஒரு விரல் நீளத்தை வெட்டி எடுத்து உறையைக் கீறிப் பிரித்தோம். இந்த இடத்தில் வழக்கமாக ஒரு விளக்கம் சொல்வார்கள்: எல்லா இழையும் அறுந்து ஒன்றே ஒன்று மிஞ்சியிருக்கும், அதனால்தான் வோல்ட் காட்டும், கரண்ட் போகாது என்று. கேட்க நன்றாக இருக்கிறது, கணக்கு ஒத்துக்கொள்வதில்லை. 0.2 மில்லிமீட்டர் செம்பு இழை ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு 0.0055 ஓம்தான் தடை. நான்கு ஆம்பியர் போனாலும் 0.02 வோல்ட்தான் அங்கே இழக்கும். மோட்டார் துள்ளிக்கொண்டு ஓடும். முழுசான ஓர் இழை இருந்தால் அது நல்ல இழைதான். 50 ஓம் வருவதற்கு வேறு ஒன்று வேண்டும்.

அது கண்முன்னே கிடந்தது. இழைகளை எண்ணினேன், பதினாறு. பதினாறும் அறுந்திருந்தன. செம்பின் நிறமே அங்கே இல்லை. கறுத்து, அதன்மேல் பச்சைப்பொடி பூத்திருந்தது. இரண்டு பக்கத்து முனைகளும் அந்தப் பச்சைப்பொடியின் வழியாகத்தான் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. நல்ல தமிழில் இதற்குப் பெயர் களிம்பு. உயிரோடு ஆணவம் எப்போது சேர்ந்தது என்ற கேள்விக்குச் செம்பையும் அதன் களிம்பையும் உவமையாகச் சொல்வது சைவ சித்தாந்த மரபு. கடலோரத்துக் காற்றில் வரும் குளோரைடு ஈரத்தோடு செம்பில் சேரும்போது உண்டாகும் பச்சை உப்பு அது. இழைகளுக்கு நடுவேயுள்ள சந்துகள் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல ஈரத்தை இழுத்துக்கொள்வதால், உறைக்குள் நெடுந்தூரம் பச்சை ஓடியிருந்தது. செம்பு மிக நல்ல கடத்தி, களிம்பு மிக மோசமான கடத்தி. மீட்டரின் துளி மின்னோட்டத்துக்கு அந்தப் பொடி போதும். நான்கு ஆம்பியருக்குப் போதாது.

எர்த்திலும் இதே நோய் வரும். காரில் மைனஸ் ஒயர் தனியாக எல்லா இடத்துக்கும் ஓடுவதில்லை. இரும்பு உடம்பே திரும்பும் வழி. உடம்போடு எர்த் ஒயர் சேரும் போல்ட்டில் துரு ஏறினால் பூட்டுகள் எல்லாம் ஒன்றாகச் சோர்ந்துபோகும். மீட்டரின் கறுப்புக் கம்பியை பாட்டரியின் மைனஸ் முனையிலும் சிவப்பை எர்த் போல்ட்டிலும் வைத்துவிட்டு, மோட்டார்களை ஓடவிட்டுப் பார்க்கவேண்டும். 0.1, 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று எழுந்தால் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் தேய்க்கவேண்டியதுதான். ஓடவிட்டு அளக்கும்போதுதான் மீட்டரும் உண்மையை முழுசாகச் சொல்கிறது.

மின்சாரம் இல்லாமலே பூட்டிய கார்களும் இருந்தன. அமெரிக்காவின் பாக்கார்டு 1956-இலேயே மின்பூட்டைக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் 1976-இல் வந்த மெர்சிடிஸ் டபிள்யூ 123 வரிசை, கதவுகளைக் காற்றை உறிஞ்சிப் பூட்டியது. இன்ஜின் உண்டாக்கும் வெற்றிடத்தை ஒரு தொட்டியில் சேமித்து, மெல்லிய குழாய்களில் ஒவ்வொரு கதவுக்கும் கொண்டுபோனார்கள். இன்ஜின் நின்ற பிறகும் தொட்டியில் இருப்பதை வைத்துச் சில முறை பூட்டித் திறக்கலாம். அங்கே களிம்பு கிடையாது, கசிவு உண்டு. அதன் டீசல் கார்களில் இன்ஜினை நிறுத்துவதும் அதே வெற்றிடம்தான். எங்கோ ஒரு கதவுக்குள் ரப்பர் கிழிந்து காற்று புகுந்தால், சாவியைத் திருப்பி எடுத்த பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். நிற்காத இன்ஜினுக்கு மருந்து கதவுக்குள் இருந்த கார் அது.

எங்கள் நீல ஒயருக்கு வருவோம். அறுந்த இடத்திலேயே ஈயம் வைத்துப் பற்றவைத்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். உருகிய ஈயம் இழைகளின் நடுவே ஏறி அந்த இடத்தை ஒரே தடிக் கம்பியாக்கிவிடும். வளைகிற இடத்தில் விறைப்பான துண்டு ஒன்று இருந்தால், விறைப்பு முடிகிற விளிம்பிலேயே அடுத்த முறிவு வரும். பாட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு, பச்சை ஏறாத செம்பு தெரிகிறவரை இரண்டு பக்கமும் ஒயரை வெட்டிக்கொண்டே போனார். நுண்ணிய இழைகளுள்ள புது ஒயரை நடுவில் சேர்த்து, ஒரு முடிச்சைக் கதவின் உட்புறத்திலும் இன்னொன்றை டாஷ்போர்டுப் பக்கத்திலும் வைத்தார். வளைகிற ஒரு ஜாணில் எந்த முடிச்சும் இல்லை. முடிச்சுகளின்மேல் சுருங்கும் குழாயைப் போட்டுச் சூடுகாட்டினார்.

பக்கத்தில் கண்ணாடி மோட்டாருக்குப் போகிற சிவப்பு ஒயரின் உறையிலும் ஒரு விரிசல் இருந்தது. அதையும் மாற்றினார். அந்தச் செம்பு வெளியே வந்து கதவின் இரும்பில் உரசினால் ஃப்யூஸ் போகும். கதவைத் திறக்கும்போதெல்லாம் போகும். அப்படிப் போகிறதே என்று பெரிய ஃப்யூஸ் போடுகிறவர்களையும், ஃப்யூஸ் இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றுகிறவர்களையும் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் உயர்ந்தது. ஃப்யூஸ் எரியாவிட்டால் ஒயர் எரியும், ஒயர் எரிந்தால் உள்ளே இருப்பது உட்காரும் சீட்டும் பஞ்சும்.

கப்ளரில் பல்பை வைத்துப் பார்த்தோம். இரண்டு திசையிலும் முழு வெளிச்சம். கழற்றிப் போட்டிருந்த பழைய மோட்டாருக்கு நேராக பாட்டரி கொடுத்துப் பார்த்தார், கையிலிருந்து துள்ளியது. அதையே திரும்ப மாட்டினோம். ஸ்விட்சை அழுத்தியதும் நான்கு கதவும் ஒன்றாக 'டக்' என்று சொன்னன.

கிளம்பலாம் என்று நினைத்தேன். அண்ணாச்சி அதற்குள் காரைச் சுற்றி இடப்பக்கத்து முன்கதவுக்குப் போய், அதன் ரப்பர் குழலைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஒயராக இழுத்துப் பார்த்தார். நான்கு ஒயர்கள் விறைப்பாக நின்றன. ஐந்தாவது அவர் விரல்களுக்கு நடுவே மெல்ல நீண்டது.